வாசகர் கேள்வி: வெட்டுக்கிளிப் பருந்தும் வயல் மருந்தும்

கேள்வி: கனடா சஸ்கச்சுவானில் இருக்கிற மச்சான் ஒரு படம் அனுப்பினார். புல்லு வெட்டுற மெஷினுக்குப் பின்னால ஏழெட்டுப் பருந்து நிலத்தில நடந்து திரியுது. சுவெயின்சன் பருந்தாம். எங்கட பிராந்து மாதிரித்தான் கிடக்கு. ஒரே இனமோ? பனிக்கு எங்க போகும்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஒரே இனமில்லை. நீளத்தில் நம்மூர்ச் செம்பருந்து அளவுதான், ஆனால் எடை கூட. பெட்டை ஒரு கிலோவைத் தாண்டும். வெளிர்நிறப் பறவைக்குத் தொண்டை வெள்ளை, நெஞ்சில் கபிலத் துண்டு போட்டதுபோல ஒரு பட்டை. பறக்கும்போது கீழிருந்து பாருங்கள்: சிறகின் முன்பாதி வெளிறி, பின்பாதி கறுத்திருக்கும். உடல் முழுக்கக் கபிலமான பறவைகளும் உண்டு. அவற்றில் இந்த அடையாளம் எடுபடாது, கூரான சிறகு நுனியைத்தான் பார்க்க வேண்டும். அங்கு பலரும் இதைச் செவ்வால் பருந்தோடு குழப்புவார்கள். அதன் வளர்ந்த பறவைக்கு வால் செங்கல் நிறம், சிறகின் முன்விளிம்பில் தோளருகே கரும்பட்டை.

மெஷினுக்குப் பின்னால் போவது வெட்டுக்கிளிக்காக. ஓடிப்போய்க் காலால் அமுக்கும். தும்பியை அந்தரத்திலேயே காலால் பிடித்து, பறந்தபடியே தின்னும். குஞ்சுக்கு மட்டும் பூச்சி கட்டாது. எத்தனை தடவை கொண்டுவந்து கொட்டுவது? அதனால் கூட்டுக்கு வருவது பெரும்பாலும் தரையணில், எலி வகைகள். 2 அல்லது 3 முட்டை, அடை ஏறக்குறைய 35 நாள்.

செப்டெம்பர், ஒக்டோபரில் கூட்டமாகக் கிளம்பி, ஏறக்குறைய 10,000 கிலோமீற்றர் தாண்டி ஆர்ஜென்டீனாப் புல்வெளிக்குப் போகும். வெயிலில் எழும் சூட்டுக்காற்றில் சிறகடிக்காமல் ஏறி, அடுத்த காற்றுவரை சறுக்கும். கடல்மேல் அந்தக் காற்று இல்லாததால் பனாமாவின் ஒடுங்கிய நிலத்தால் இலட்சக்கணக்கில் நெருங்கிப் போகும்.

கேள்வி: ஆர்ஜென்டீனாவில் பருந்துகள் மருந்தில் செத்தது உண்மையா? எங்கட வயல் குருவிகளுக்கும் அது நடக்குமா?
– வாசகர், முருங்கன்

பதில்: உண்மை. 1995–96இல், கனடாவில் பனியும் ஆர்ஜென்டீனாவில் கோடையுமான மாதங்களில், ஆயிரக்கணக்கான சுவெயின்சன் பருந்துகள் செத்துக் கிடந்தன. மொத்தம் 20,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். வெட்டுக்கிளிக்கு அடித்த மொனோகுரோட்டோபொஸ்தான் காரணம். மருந்து பட்ட பூச்சி சோர்ந்து கிடக்கும், பிடிக்க லேசு. பருந்து தேடி வந்து தின்னும். பூச்சியின் நரம்பைக் கெடுக்கும் அதே நஞ்சு பறவையின் நரம்பையும் கெடுக்கும். தெளிக்கும்போது நேரே நனைந்தவையும் செத்தன. இலங்கையில் இந்த மருந்து 1995இலேயே தடை. ஆனால் இதே குடும்பத்து மருந்துகள் வேறும் உண்டு. எனவே போத்தல் லேபலில் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

வயலில் ஒரு பறவை நகம் மடங்கி, எழும்ப முடியாமல் கிடந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். இறகில் உள்ள மருந்து தோலால் உள்ளே போகும். கையுறை இல்லாவிட்டால் சொப்பின் பையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். செத்திருந்தால் முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித் தாழுங்கள். மேலோட்டமாக மூடினால் நாய் கிளறும், நஞ்சு அதற்கும் போகும்.

மருந்தைக் குறைக்க நினைத்தால் பறவை குந்தத் தடி நடலாம். பயிரைவிட இரண்டு முழம் உயர்ந்து நிற்கிற தடியில் ஒரு முழக் குறுக்குக் கம்பைக் கட்டி, ஏக்கருக்குப் பத்துப்போல நடுங்கள். பகலில் கரிக்குருவி, மீன்கொத்தி குந்திப் பூச்சி பிடிக்கும். இரவில் ஆந்தை எலிக்கு வரும். தடி ஆடினால் ஒன்றும் குந்தாது, இறுக்கி நட வேண்டும். நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் பிடுங்கிவிடுங்கள். விட்டால் கிளியும் குருவியும் அதே தடியில் குந்திக் கதிரைக் கொறிக்கும். மருந்து அடிக்கிற கிழமையிலும் தடி நிற்கக்கூடாது: சோர்ந்த பூச்சியைத் தின்ன நாமே கூப்பிட்டதாகிவிடும்.