அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் எங்கே போயின?

கேள்வி: எங்கள் வீட்டு ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ்களும், நடுவே நீண்ட தண்டும், அதன்மேல் மஞ்சள் பொட்டுகளும் தெளிவாகத் தெரிகின்றன. பக்கத்தில் நிற்கும் அடுக்குச் செம்பருத்தியிலோ நடுவெல்லாம் சுருண்ட இதழ்கள்தாம். பூசைக்குப் பறித்த பூவைப் பிரித்துப் பார்த்தபோது, சில இதழ்களின் ஓரத்தில் மஞ்சள் பொட்டு ஒட்டியிருந்தது. இது எப்படி நேர்கிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தாங்கள் கண்ட மஞ்சள் பொட்டு மகரந்தப் பை. மகரந்தத் தாளாக வளர வேண்டிய உறுப்பு இதழாக மாறும் வழியில் பாதியில் நின்றுவிட்டதால், பழைய அடையாளம் அதன் ஓரத்தில் தங்கியிருக்கிறது.

வெளியிலிருந்து உள்நோக்கிப் புல்லி, அல்லி, மகரந்தத் தாள், சூலகம் என்று பூவில் நான்கு வட்டங்கள் உண்டு. மொட்டின் தொடக்கத்தில் ஒரேமாதிரி இருக்கும் செல்களில் எது என்னவாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை சில மரபணுக்கள். ஸ்நாப்டிராகன் செடியை ஆராய்ந்த என்ரிகோ கோயனும், கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடாப்சிஸை ஆராய்ந்த எலியட் மேயரோவிட்ஸும் 1991இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அம்மரபணுக்களை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பிரித்தால், ஏ மட்டும் இயங்கும் இடத்தில் புல்லி இதழும், ஏயும் பியும் சேரும் இடத்தில் அல்லி இதழும், பியும் சியும் சேரும் இடத்தில் மகரந்தத் தாளும், சி மட்டும் இயங்கும் இடத்தில் சூலகமும் உருவாகின்றன. ஏயும் சியும் ஒன்றையொன்று அண்டவிடாதவை; ஒன்று விலகினால் அந்த இடத்தை மற்றது பிடித்துக்கொள்ளும்.

இனி அடுக்குப் பூவுக்கு வருவோம். மூன்றாம் வட்டத்திலிருந்து சி பின்வாங்கினால் ஏ உள்ளே நுழையும். பி அங்கே ஏற்கெனவே இருப்பதால், மகரந்தத் தாள் வர வேண்டிய இடத்தில் இதழ் வரும். பல அடுக்கு ரோஜாவில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள்: ஐந்திதழ் ரோஜாவோடு ஒப்பிட்டால், அதன் மொட்டில் சி இயங்கும் எல்லை நடுவை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. தங்கள் செம்பருத்தியின் அரைகுறை இதழ்களும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

அரபிடாப்சிஸில் சி வகை மரபணு முற்றிலும் கெட்டுப்போனால் விளைவு இன்னும் விந்தையானது. அதன் இயல்பான பூவில் 4 புல்லி, 4 அல்லி, 6 மகரந்தத் தாள், 2 சூலிலைகள் இருக்கும். கெட்ட செடியில் அந்த 6 தாள்களும் இதழ்களாகிவிட, சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பூ தொடங்கும். அதற்குள்ளும் மற்றொன்று தொடங்கும். பூவின் வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைப்பதும் இதே மரபணுவின் வேலை என்பது இதனால் தெரியவந்தது. இதற்கு ‘அகாமஸ்’, அதாவது ‘பாலுறுப்பற்றது’, என்று பெயர். பாலுறுப்புகளை உண்டாக்கும் மரபணுவுக்கு இப்படியொரு பெயரா என்று கேட்கத் தோன்றும். உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும் என்பதுபோல, கெட்டுப்போனால் எது இல்லாமற்போகிறதோ அதைக் கொண்டே பெயர் வைப்பது இத்துறையின் வழக்கம்.

மகரந்தம் குறைந்த இத்தகைய பூக்கள் விதை பிடிப்பது அரிது. அதனால்தான் அடுக்குச் செம்பருத்தியைக் குச்சி ஊன்றியோ பதியம் போட்டோ பெருக்குகிறோம்.

கேள்வி: மூன்று வகை மரபணுக்களுமே கெட்டுவிட்டால் பூவின் இடத்தில் என்ன இருக்கும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: இலை. அரபிடாப்சிஸில் மூன்றையும் செயலிழக்கச் செய்தபோது, நான்கு வட்டங்களிலும் இலை போன்ற உறுப்புகளே முளைத்தன. பூவின் உறுப்புகள் யாவும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இலேயே எழுதியிருந்தார். கவிஞரின் கற்பனை என்று ஒதுக்க முடியாதபடி சோதனை அவர் பக்கம் நின்றது.

ஆனால், இலையை இதழாக்க ஏயும் பியும் மட்டும் போதவில்லை. 2000இல் அடையாளம் காணப்பட்ட ‘செப்பலாட்டா’ என்னும் துணை மரபணுக்களின் உதவியும் தேவைப்பட்டது. இவை தரும் புரதங்கள் ஒன்றோடொன்று கூட்டுச் சேர்ந்து டி.என்.ஏவைப் பற்றிக்கொண்டுதான் மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பி வகையோடு செப்பலாட்டா ஒன்றையும் செடி முழுவதும் இயங்கச் செய்தபோது, தண்டிலிருந்த இலைகள் இதழ்களைப் போலாயின; சியையும் கூடச் சேர்த்தபோது, அதே இலைகள் மகரந்தத் தாள்களைப் போலாயின.