பழைய டிவியைத் தூக்கிப் போடாதீர்கள்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், திண்டுக்கல்லில் 31 ஆண்டுகள் டிவி பழுதுபார்க்கும் கடை நடத்தியவர்.

கேள்வி: மாமியார் அறையில் 2012-ல் வாங்கிய 32 அங்குல எல்.சி.டி. டிவி இருக்கிறது. படம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் ஸ்மார்ட் டிவி இல்லை. விட்டுப்போன சீரியல்களைப் பார்க்க அவருக்கு ஆசை. புது டிவி வாங்கலாம் என்கிறான் என் மகன். டிவியில் சொருகினால் இணையத்தில் உள்ளதைக் காட்டும் ஸ்டிக் என்ற சின்னக் கருவி போதும் என்கிறார் கொழுந்தனார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, காரைக்குடி

பதில்: கொழுந்தனார் சொல்வதுதான் சரி, அம்மா. நல்ல பேனல் உள்ள டிவியைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது. டயனோரா, சாலிடேர் காலத்திலிருந்து டிவிகளைத் திறந்து பார்த்தவன் நான். படம் நன்றாக இருக்கிறது என்றால் அந்தப் பெட்டியின் உயிர் நன்றாக இருக்கிறது என்று பொருள். உங்கள் டிவியில் இல்லாதது இணையம் மட்டும்தான். அதை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு ஸ்டிக் கொடுத்துவிடும். சாதாரண எச்.டி. ஸ்டிக் போதும். உங்கள் திரைக்கு 4கே ஸ்டிக் வாங்கினால் கூடுதல் பணம்தான் வீண்.

முதலில் டிவியின் பின்பக்கம் எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். 2012 மாடல் என்றால் அநேகமாக ஒன்றாவது இருக்கும். ஸ்டிக்கை அதில் சொருக வேண்டும்.

அடுத்து மின்சாரம். பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். வத்தலக்குண்டில் என் தங்கை வீட்டில் புது ஸ்டிக் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அணைந்து அணைந்து எரிந்தது. ஸ்டிக்கே கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பத் தயாராக இருந்தார்கள். போய்ப் பார்த்தால், அதன் வயரை டிவியின் யூ.எஸ்.பி. துளையில் சொருகி வைத்திருக்கிறார்கள். கூடவே வந்த அடாப்டர் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது. எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சொற்பம், ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்குதான். பழைய டிவியின் யூ.எஸ்.பி. துளை தருவது அரை ஆம்பியர். ஸ்டிக் கேட்பதோ 5 வோல்ட்டில் ஒரு ஆம்பியர். படம் ஓடும்போது பற்றாமல் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடாப்டரைச் சுவரில் உள்ள பிளக்கில் போட்டேன், அன்றோடு தொந்தரவு தீர்ந்தது. மாமியார் அறையில் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று இன்றே பார்த்து வையுங்கள்.

காரைக்குடி என்று எழுதியிருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் சுவர் கனம் எனக்குத் தெரியும். வைஃபை பெட்டி முகப்பில் இருந்து, டிவி இரண்டாம் கட்டில் இருந்தால் அலை போய்ச் சேராது. ரவுட்டரில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் துவண்டுவிடும். அதனால் 2.4-ல் இணையுங்கள். ஸ்டிக்கோடு சாண் அளவு நீட்டிப்பு வயர் வந்தால் அதையும் பயன்படுத்துங்கள். டிவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டிக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தாலே அலை நன்றாகக் கிடைக்கும்.

சந்தா கட்டும் முன் அவர் பார்க்கும் சீரியல் எந்தச் சேனல் என்று கேளுங்கள். சன் டிவி என்றால் சன் நெக்ஸ்ட், விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழ் என்றால் ஜீ5. மூன்றுக்கும் சேர்த்துக் கட்ட அவசியமில்லை.

கடைசியாக, மாமியாருக்காக ஒரு வேலை செய்யுங்கள். ரிமோட்டில் வீடு படம் போட்ட பொத்தானின் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். எங்கே மாட்டிக்கொண்டாலும் பொட்டை அழுத்தினால் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று சொல்லிக் கொடுங்கள். என் அம்மா 78 வயதில் இப்படித்தான் பழகினார். "சிக்னல் இல்லை" என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். யாரோ டிவி ரிமோட்டில் சோர்ஸை மாற்றியிருப்பார்கள். மறுபடி எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றினால் சரி.

கேள்வி: போனில் மாதம் 149 ரூபாய் கட்டி நெட்ஃபிளிக்ஸ் பார்க்கிறேன். ஸ்டிக் வாங்கிய பிறகு அதே கணக்கில் டிவியில் பார்க்க முடியவில்லையே?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, 149 ரூபாய்த் திட்டம் போனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும்தான். ஸ்டிக்கில் கோளாறு எதுவும் இல்லை. டிவியில் பார்க்க அடுத்த திட்டத்துக்கு மாற வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுவதாக இருந்தால் டேட்டா கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை, எச்.டி.யில் 3 ஜிபி வரை செலவாகும். தினம் 2 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு எச்.டி.யில் ஒரு படம்கூட முடியாது.

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் விற்கிறார்கள். ஒரு முறை பணம் கொடுத்தால் எல்லாச் சேனலும், எல்லாப் புதுப்படமும் ஆயுள் முழுக்க இலவசமாம். வாங்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: வாங்காதீர்கள். திருட்டுப் படம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட எனக்குப் பயம் தருவது அந்தப் பெட்டிக்குள் இருப்பது. கூகுளின் சான்று பெறாத இத்தகைய பெட்டிகள் பலவற்றில் விற்பனைக்கு வரும் முன்பே தீய மென்பொருள் ஏற்றப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனி அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, இப்படிப்பட்ட சுமார் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதமே கூகுள் நிறுவனம் இதன் பின்னால் இருப்பவர்கள் மீது வழக்குப் போட்டது. 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பாதிக்கப்பட்டதாக அது சொன்னது. ஜெர்மனியில் பிடிபட்ட தீய மென்பொருளின் பெயர் பேட்பாக்ஸ், எஃப்.பி.ஐ.யும் கூகுளும் சொன்னது அதன் அடுத்த வடிவமான பேட்பாக்ஸ் 2.0.

அது செய்வது என்ன தெரியுமா? உங்கள் வீட்டு இணைய இணைப்பை, உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்கோ வாடகைக்கு விடுகிறது. எங்கோ இருக்கும் மோசடிக்காரன் உங்கள் வீட்டு இணைய முகவரியை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வேலை செய்வான். டிவியில் படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியை ரீசெட் செய்தாலும் போகாது, ஏனென்றால் அது அடிப்படை மென்பொருளிலேயே கலந்திருக்கிறது. பிள்ளைகள் பாடம் படிப்பதும், நீங்கள் வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதே வைஃபையில்தானே?

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் சொல்கிறேன். தொடக்கத்தில் பிளே புரொடெக்ட் என்ற கூகுளின் பாதுகாப்பு வசதியை அணைக்கச் சொன்ன பெட்டி என்றால், இப்போதே வயரைப் பிடுங்கிவிடுங்கள். போன பணம் போகட்டும்.

கேள்வி: புது ஸ்டிக்கை இணைக்கும்போது திரையில் ஒரு குறியீடு வந்தது. அப்பா கூகுளில் தேடிக் கிடைத்த உதவி எண்ணுக்குப் போன் செய்தார். "ஆக்டிவேஷன் கட்டணம்" என்று 4,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள். இப்படி ஒரு கட்டணம் உண்டா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: கிடையாது, அம்மா. எந்த ஸ்டிக்குக்கும் ஆக்டிவேஷன் கட்டணம் என்று ஒன்று இல்லை. அந்தக் குறியீடு உங்கள் கணக்கைக் கருவியோடு சேர்ப்பதற்கு மட்டும்தான். திரையில் காட்டும் முகவரியைப் போனில் நீங்களே தட்டி, குறியீட்டைப் போட்டால் முடிந்தது.

உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். இணைய மோசடிக்கான அரசு உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் சொல்லுங்கள். திரையைப் பகிரும் செயலி எதையாவது போனில் ஏற்றச் சொல்லியிருந்தால் அதை நீக்கிவிட்டு, கடவுச்சொற்களை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். அப்பாவிடம் கோபப்படாதீர்கள். என்னிடம் வந்த எத்தனையோ பெரியவர்கள், வீட்டில் திட்டுவார்களே என்ற பயத்தில் இரண்டு நாள் மறைத்து வைத்தார்கள். அந்த இரண்டு நாளில்தான் பணம் கைவிட்டுப் போனது.

கேள்வி: எங்களிடம் இருப்பது பெரிய பின்பக்கம் உள்ள பழைய பிக்சர் டியூப் டிவி. அதில் ஸ்டிக் போட வழி உண்டா?
— வாசகர், பரமக்குடி

பதில்: உண்டு. எச்.டி.எம்.ஐ.யை ஏவியாக மாற்றும் சின்னப் பெட்டி எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். ஸ்டிக்கை அதில் சொருகி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை டிவியில் கொடுக்க வேண்டும். ஸ்டிக்குக்கும் அந்தப் பெட்டிக்கும் தனித்தனி மின்சாரம் வேண்டும். சில மாற்றிகளில் யூடியூப் ஓடும், சந்தா கட்டிய செயலிகளில் மட்டும் படம் கறுத்துவிடும், நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு அது. அதனால் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். உங்கள் டிவியில் மஞ்சள் துளையோடு ஒரே ஒரு வெள்ளைத் துளை இருந்தால், சிவப்பு வயரைச் சும்மா விட்டுவிடலாம். பேச்சு, பாட்டு எல்லாம் கேட்கும்.