12 அங்குலம் கேட்டால் 17 வருவது ஏன்?

அரை அங்குல ஈஎம்டி பைப்பில் (மின்கம்பி செல்லும் மெல்லிய உலோகக் குழாய்) 12 அங்குலத்தில் குறிபோட்டு 90 டிகிரி வளைத்தீர்கள், உயரம் 17 வந்தது, வளைவும் நசுங்கியது என்கிறீர்கள்.

உயரம் கூடியதற்குக் காரணம், டேக்-அப், அதாவது வளைவு எடுத்துக்கொள்ளும் நீளத்தைக் கழிக்காததுதான். அரை அங்குலத்துக்கு 5, முக்கால் அங்குலத்துக்கு 6, ஒரு அங்குலத்துக்கு 8 அங்குலம் என்பது வழக்கமான அளவு. பைப்பை வளைக்கும் கருவியான உங்கள் பெண்டரிலேயே அச்சிட்டிருக்கும், அதையே நம்புங்கள். 12-இல் 5 போக, நுனியிலிருந்து 7-இல் குறி. பெண்டரின் கொக்கி அந்த நுனியைப் பார்த்திருக்க, குறியை அதிலுள்ள அம்புக்குறிக்கு நேராக வையுங்கள்.

நசுங்கலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலில் பெண்டரின் அளவைப் பாருங்கள். முக்கால் அங்குல ஈஎம்டி பெண்டர், கனமான ரிஜிட் பைப்பில் அரை அங்குலத்துக்கும் பொருந்தும். அதனால் பலர் குழம்பி, மெல்லிய அரை அங்குல ஈஎம்டியை அதில் போடுகிறார்கள். பள்ளம் அகலமாக இருப்பதால் பக்கச் சுவருக்குத் தாங்கல் இல்லை, நசுங்கிவிடும்.

அளவு சரியென்றால், தவறு காலில். கைப்பிடியை மட்டும் இழுக்காதீர்கள். வழுக்காத கெட்டித் தரையில் வைத்து, குதிகாலால் பெடலை விடாமல் அழுத்துங்கள். கை திசையைக் காட்டினால் போதும். பாதியில் நிறுத்தி நிறுத்தி வளைத்தாலும் மடிப்பு விழும். விட்டதும் பைப் சற்றுத் திரும்பும், அதனால் 90-ஐ ஓரிரு டிகிரி தாண்டியே நிறுத்துங்கள்.

நசுங்கிய துண்டைப் பயன்படுத்த வேண்டாம், கம்பி இழுக்கும்போது உறை கிழியும்.