பைத்தான் 2-ல் கோடைப் பிரித்துப் பார்க்க இருந்த கம்பைலர் மாட்யூலுக்குப் (compiler என்ற துணைப் பொதி) பதிலாக எதைப் பயன்படுத்துவது?

பழைய புரோகிராமை பைத்தான் 3-ல் ஓட்டினால் ‘கம்பைலர் என்று ஒரு மாட்யூலே இல்லை’ என்று எர்ரர் வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். யாரோ எழுதிவிட்டுப் போன கோட் உங்கள் தலையில் விழுந்திருக்கும். என் விஷயத்தில் அந்த யாரோ நானேதான்.

பதில்: ஏஎஸ்டி (ast) மாட்யூல். இரண்டுமே எழுதிய கணக்கைப் பிரித்து, கிளை கிளையாக ஒரு மரம் மாதிரி கொடுக்கும். பழையதை 2008-ல் பைத்தான் 3.0 வந்தபோதே எடுத்துவிட்டார்கள். மாற்றுவது அரை நாள் வேலை. பழைய மரத்தில் கூட்டலுக்கு ஒரு நோட் (node, மரத்தின் ஒரு கணு), பெருக்கலுக்கு ஒரு நோட் என்று தனித்தனியாக இருக்கும். புதியதில் இந்த மாதிரி இரண்டு மதிப்புகளுக்கு இடையிலான கணக்கு எல்லாமே பின்ஆப் (BinOp) என்ற ஒரே நோட். எந்தக் கணக்கு என்பது அதற்குள்ளே இருக்கும். எண்களுக்கு கான்ஸ்டன்ட் (Constant) நோட்டைப் பாருங்கள், ஆனால் எழுத்துச் சரமும் அதே நோட்டில்தான் வரும், வகையைச் சோதிக்காமல் விடாதீர்கள். எண்ணுக்கு ‘நம்’ (Num) என்ற நோட்டைச் சொல்லும் பழைய பதில்களை நம்ப வேண்டாம், பைத்தான் 3.14-ல் அதுவும் போய்விட்டது.

“நேராக ஈவால் போட்டால் தீர்ந்ததே” என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஈவால் (eval) கொடுத்ததை எல்லாம் அப்படியே கோடாக ஓட்டிவிடும்; பயனர் தட்டுவதை எல்லாம் அதற்குக் கொடுப்பது வீட்டுச் சாவியை வாசலில் தொங்கவிடுகிற மாதிரி. வெறும் மதிப்புகளை மட்டும் படிக்கிற லிட்டரல் ஈவாலும் (literal_eval) உதவாது, அது பெருக்கலையே ஏற்காது.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு காஸ்டிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். நூல் விலை, நிட்டிங், டையிங், வேஸ்டேஜ் எல்லாம் அவர்களே ஃபார்முலாவாகத் தட்டலாம். கம்பைலர் மாட்யூல் அதைப் பிரித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் கணக்குப் போடும். 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கு ஆதரவு நிற்கிறது என்று முன்கூட்டியே சொன்னேன். “ஒருக்கா வாங்குனது தானுங்க, அதென்ன தேயவா போகுது?” என்றார் முதலாளி. கம்ப்ரசருக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) உண்டு, ஜெனரேட்டருக்கு உண்டு. எழுதுகிறவனுக்கு மட்டும் கிடையாது. இந்த ஊரில் பத்து வருஷமாக இதே பேச்சுதான், சரி விடுங்கள்.

கடைசியில் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனது, நான் ஏஎஸ்டிக்கு மாற்றினேன். மறுநாளே பேக்கிங் செக்‌ஷனிலிருந்து போன்: “258 பீசுக்குப் பத்தே முக்கால் பெட்டிங்குது, முக்கால் பெட்டிக்கு எங்கீங்க போறது?” பைத்தான் 2-ல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி வெட்டுப்படும், 3-ல் வெட்டுப்படாது. அந்த ஃபார்முலாவில் மீதியை வெட்டிவிடுகிற இரட்டைச் சாய்கோடு (//) போட்டுச் சரி செய்தேன்.

அப்புறம் அக்கவுண்டன்ட் அண்ணன் கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, டஜன் ஆயிரம் ரூபாய்னா பீசுக்கு 83-ன்னுதான் காட்டும், இப்ப 83.33 வருதே, எது சரி?”

புதியதுதான் சரி. டஜன் ரேட்டைப் பைசாவோடு அடித்த நாளெல்லாம் விடை ஒழுங்காக வந்திருக்கிறது. முழு ரூபாயாக அடித்தால் பைசா காணாமல் போயிருக்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 30,000 பீஸ் ஆர்டருக்கு 10,000 ரூபாய் குறைத்தே பையருக்கு ரேட் போயிருக்கும். தப்பு மாட்யூல் மேல் இல்லை, அன்றைக்கே தசமமாக்கிக் கணக்குப் போடாத என் மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆகவே, மாட்யூலை மாற்றும் முன் பழைய ஃபார்முலாக்களைப் பழைய விடைகளோடு எடுத்து வைத்து, வகுத்தல் வருகிற ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த 33 பைசா கதையை முதலாளியிடம் அக்கவுண்டன்ட் அண்ணனே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஏஎம்சி பற்றி நான் வாயே திறக்கவில்லை.