கறுப்புக் கட்டத்தைத் தொடாத செவ்வகங்கள்

கேள்வி: 4 நிரைகளும் 5 நிரல்களும் கொண்ட கட்ட அமைப்பில், இரண்டாம் நிரையும் மூன்றாம் நிரலும் சந்திக்கும் கட்டம் கறுப்பாக்கப்பட்டுள்ளது. அந்தக் கட்டம் இடம்பெறாத செவ்வகங்கள் எத்தனை என்பது என் மகளின் பயிற்சிக் கணக்கு. கறுப்புக் கட்டத்துக்கு மேலே 15, கீழே 45, இடப்புறம் 30, வலப்புறம் 30 என்று எண்ணிக் கூட்டி, 120 என்றேன். புத்தகத்தில் 96 என்று இருக்கிறது. பிழை யாருடையது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: புத்தகத்தின் விடையே சரியானது. ஆயினும் நீங்கள் எண்ணிய நான்கு எண்களில் ஒன்றுகூடத் தவறில்லை. கறுப்புக் கட்டத்தைத் தவிர்க்கும் செவ்வகம் எதுவானாலும், அது முழுமையாக அக்கட்டத்துக்கு மேலேயோ, கீழேயோ, இடப்புறமோ, வலப்புறமோ இருந்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கண்டது நுட்பமான கவனிப்பு, பாராட்டுகிறேன்.

கூட்டும்போதுதான் சறுக்கல் நேர்ந்தது. முதல் நிரையின் முதல் கட்டத்தைப் பாருங்கள். அது கறுப்புக் கட்டத்துக்கு மேலேயும் இருக்கிறது, இடப்புறத்திலும் இருக்கிறது. ஆகவே 15-இலும் 30-இலும் இடம்பெற்று, இருமுறை எண்ணப்பட்டுவிட்டது. நான்கு மூலைப் பகுதிகளுக்குள் அடங்கும் செவ்வகங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மேல் மூலைகள் இரண்டிலும் மூன்று மூன்றும், கீழ் மூலைகள் இரண்டிலும் ஒன்பது ஒன்பதுமாக அவை 24. உங்கள் 120-இலிருந்து 24-ஐக் கழித்தால் 96 கிடைத்துவிடும்.

மகளுக்குச் சொல்லித்தர இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. வேண்டியதை எண்ணுவது சிக்கலாக இருக்கும்போது, வேண்டாததை எண்ணி மொத்தத்திலிருந்து கழித்துவிடலாம். இந்த அமைப்பில் கிடைக்கோடுகள் 5, செங்குத்துக் கோடுகள் 6. கிடைக்கோடுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 10 வழிகளும், செங்குத்துக் கோடுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழிகளும் இருப்பதால், சதுரங்களையும் ஒற்றைக் கட்டங்களையும் சேர்த்து மொத்தச் செவ்வகங்கள் 150. இவற்றுள் கறுப்புக் கட்டத்தை உள்ளடக்கும் செவ்வகத்தின் மேல்விளிம்பு, அக்கட்டத்துக்கு மேலுள்ள 2 கோடுகளில் ஒன்றாகவும், கீழ்விளிம்பு கீழேயுள்ள 3 கோடுகளில் ஒன்றாகவும் இருக்க வேண்டும். இடவிளிம்புக்கும் வலவிளிம்புக்கும் மும்மூன்று கோடுகள் உள்ளன. கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கோட்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஆக, 2 × 3 × 3 × 3 = 54. 150-இலிருந்து 54 போக மிஞ்சுவது 96.

இம்முறையை நான் பெரிதும் விரும்புவதற்குக் காரணம், தடை எங்கே இருக்கிறது என்பதன் விளைவை அது வெளிப்படையாகக் காட்டுவதே. சதுரங்கப் பலகையில் மொத்தம் 1296 செவ்வகங்கள் உண்டு. மூலைக் கட்டம் ஒன்றை அடைத்தால் அவற்றில் 64 மட்டுமே போகும். நடுவிலுள்ள நான்கு கட்டங்களில் ஒன்றை அடைத்தாலோ 400 போய்விடும். முதலில் 2 × 2 கட்டத்தில் ஒரு மூலையை அடைத்து, எஞ்சும் 5 செவ்வகங்களையும் மகளையே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கையால் எண்ணிய விடையும் கழித்துப் பெற்ற விடையும் ஒன்றாக வருவதைக் கண்டபின், சூத்திரத்தை அவள் மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

கேள்வி: அதே அமைப்பைத் தரையில் பதித்த டைல்ஸ் என்றும், கறுப்புக் கட்டத்தைத் தூண் என்றும் கொள்வோம். 2 × 3 டைல்ஸ் அளவுள்ள ஜமுக்காளத்தை, டைல்ஸ் விளிம்போடு பொருந்துமாறு எத்தனை விதமாக விரிக்கலாம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: 7 விதமாக விரிக்கலாம். தூணே இல்லையென்றால், ஜமுக்காளத்தின் நீளப் பக்கம் நிரையின் திசையில் அமையும்படி 9 இடங்களும், திருப்பிப் போட்டால் 8 இடங்களும் உண்டு. ஐந்து நிரல்களில் அடுத்தடுத்த எந்த மூன்றை எடுத்தாலும் நடு நிரல் அதில் வந்தே தீரும். எனவே முதல் வகையில் தூண் நிற்கும் நிரையை விட்டு விலகி, கடைசி இரு நிரைகளில் விரிக்கும் 3 இடங்களே தப்புகின்றன. திருப்பிப் போடும்போது, நான்கு நிரைகளில் மூன்றை அடைக்கும் ஜமுக்காளம் இரண்டாம் நிரையைத் தவிர்க்க முடியாது. ஆகவே அது முற்றிலும் இடப்புறமோ வலப்புறமோ கிடக்க வேண்டும். பக்கத்துக்கு 2 வீதம் அவை 4 இடங்கள்.