கண்டுபிடிப்பைத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் எப்போது சொல்ல வேண்டும்?

பத்தமடைப் பாய்க்குக் கோரை கீறும் சிறு கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் பாளையங்கோட்டைக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு, அப்புறம் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் (கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றுத் தொழிலுக்குக் கொண்டுசேர்க்கும் பிரிவு) சொன்னால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

போதாது. முதலில் அலுவலகம், பிறகுதான் மேடை. ஊரறியச் சொன்னது புதுமை இழந்துவிடும் என்பதே காப்புரிமையின் அடிப்படை. அறிஞர் சபையில் வாசித்த கட்டுரைக்கு இந்தியச் சட்டம் 12 மாத விலக்கு தருகிறது, அதற்குள் விண்ணப்பித்தால் புதுமை போகாது, சரி. ஆனால் ஐரோப்பாவில் அது செல்லாது. அதை நம்பி இறங்காதீர்கள்.

அலுவலகத்தில் கொடுக்கும் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தில் பழைய முறையை முதலில் எழுதுங்கள்: ஆற்றுநீரில் ஊறிய கோரையைக் கத்தியால் கையாலேயே கீறுவது. பிறகு உங்கள் கருவி எதை மாற்றுகிறது என்று சொல்லுங்கள். அலகின் கோணம், கோரையைப் பிடிக்கும் பள்ளம், தோற்றுப்போன மாதிரிகள், எல்லாம் வரட்டும். பரம்பரை அறிவு மட்டும் என்றால் காப்புரிமை கிடையாது. ஆகவே இந்த வேறுபாடுதான் உயிர்நாடி.

கண்டுபிடிப்பாளர் பெயரில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். படம் பார்த்துக் கடைந்து கொடுத்த லேத் பட்டறை அண்ணாச்சி கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். "அலகைச் சாய்த்து வைங்க" என்ற யோசனை அவருடையது, கருவியே அதில்தான் ஓடுகிறது என்றால், அவர் பெயர் கட்டாயம் வேண்டும். கட்டுரையில் பெயர் போடுவது போல மரியாதைக்குத் துறைத்தலைவரைச் சேர்க்காதீர்கள்.

படிவம் கொடுத்தாலே காப்பு வந்துவிடாது. நேரம் குறைவு என்றால், தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பின் முதல் விவரத்தைச் சொல்லித் தேதியைப் பிடித்துவைக்கும் காப்புரிமை விண்ணப்பம்) கருத்தரங்குக்கு முன்பே தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். முழு விவரக்குறிப்புக்கு அதிலிருந்து 12 மாதம் இருக்கிறது.