சட்டமும் சம்பளமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். மூன்று நாளைக்கு முன் ஸ்குரூ கன்வேயரில் (திருகு சுற்றிச் சரக்கை நகர்த்தும் மெஷின்) அடைத்திருந்த நாரை எடுக்கப்போய், வலது கையில் இரண்டு விரல் முதல் மூட்டோடு போய்விட்டது. "கிளினிக் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எழுத வேண்டாம். நாலு நாளில் வந்து எடைமேடையில் உட்கார்ந்தால் போதும்" என்கிறார் சூப்பர்வைசர். மெஷினை முழுசாக நிறுத்தாமல் கையை விட்டது இவர் தப்பாம். ஒத்துக்கொள்ளலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேண்டாம் அம்மா. அந்த "நாலு நாள்" சும்மா வாயில் வந்ததல்ல. விபத்தில் கடுமையான காயம்பட்ட ஒருவர் தன் வழக்கமான வேலையை 4 நாளுக்கு மேல் செய்ய முடியாவிட்டால், ஆலை உடனே ஜேகேகேபிக்கு (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) தகவல் சொல்லி, 7 நாளுக்குள் பாரமும் (படிவம்) அனுப்ப வேண்டும். இது 2004ஆம் ஆண்டு விதி. எடைமேடை அவருடைய வழக்கமான வேலை இல்லையே! அங்கே உட்கார வைத்தாலும் நாள் கணக்கு நிற்காது. மூட்டே போனது கடுமையான காயம்தான்.

பெர்கேசோவுக்கு (சொக்சோவின் மலாய்ப் பெயர்) 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பது முதலாளியின் கடமை. அது பாரம் 34. ஆலை இழுத்தடித்தால் நீங்களே பெர்கேசோ அலுவலகத்துக்குப் போய்க் கொடுக்கலாம். அன்றைய பஞ்ச் கார்டு நகல், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), ஐசி (அடையாள அட்டை) நகல் கையில் இருக்கட்டும். கொடுத்ததற்குத் தேதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

தப்பு யாருடையது என்று பார்த்துக் கொடுக்கும் பணம் அல்ல இது. ஆலை வேலையைச் செய்யும்போது பட்ட காயம் என்பதே போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, சொக்சோவில் இருப்பவர் இந்தக் காயத்துக்காக முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. சொக்சோவையும் விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள வேறு கிளை இல்லை.

பல கோரிக்கைகள் சிக்குவது கிளினிக்கில்தான். கூட வந்த மண்டோர் (மேஸ்திரி) "வீட்டில் கதவில் நசுங்கியது" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். பிறகு பாரம் 34 ஒன்று சொல்லும், மருத்துவக் குறிப்பு வேறொன்று சொல்லும். இன்றே போய் அந்தக் குறிப்பைப் பாருங்கள். எந்தக் கை, எந்த விரல், எத்தனை மணி, எந்த மெஷின் என்பது இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

பணம்: விபத்து நாளையும் சேர்த்து எம்சி குறைந்தது 4 நாள் இருந்தால், தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்றால் நாளுக்குச் சுமார் 45 வெள்ளி. ஆனால் வேலைக்குப் போன நாளுக்கு இது கிடையாது. எடைமேடை யோசனையில் இந்த நஷ்டமும் இருக்கிறது. எம்சி முடிந்த கையோடு நிரந்தர இயலாமைக்கு மனு போடுங்கள். மருத்துவ வாரியம் விழுக்காடு போடும். 20 வரை என்றால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் வாங்கலாம். அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை மாதாமாதமும் வாங்கலாம்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் கன்வேயர் சுற்றுகிறதே, எப்படி?
— ஆலைத் தொழிலாளி

பதில்: பக்கத்தில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினால் மெஷின் நிற்கும், ஆனால் மின்சாரம் மோட்டார் பேனல்வரை வந்து காத்திருக்கும். கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு நீங்கள் உள்ளே கை வைத்திருப்பது தெரியாது, ஸ்டார்ட் கொடுத்துவிடுவார். மோட்டார் பேனலில் ஐசொலேட்டரை (மின்சாரத்தை முழுசாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, சுற்றவில்லை என்றால் மட்டும் மூடியைத் திறங்கள். அப்போதும் கை வேண்டாம், கொக்கிக் கம்பிதான். இறுகிக் கிடக்கும் நார் விடுபடும்போது ஸ்குரூ தானாகவே கால் சுற்று திரும்பும். விரலுக்கு அந்தக் கால் சுற்றே போதும்.